தண்ணீர் நடுங்கும் சுருதி

புது பேஸ் கிட்டார் கைக்கு வந்ததும் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். எல்லாக் குமிழையும் முழுக்கத் திருகிவிட்டு, சத்தம் பெரிதாக வந்தால் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. முதலில் எல்லாவற்றையும் மூடிவிடுவேன். பிறகு ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பார்ப்பேன். நீங்களும் அவசரப்படாமல் எழுதிக்கொண்டால் நல்லது, ஐயா. நானாகவே ஸ்டேஷனுக்கு நடந்து வந்தவன். எங்கேயும் ஓடிவிட மாட்டேன்.

என் பெயர் ருஃபின் மபியாலா. மசினாவில் இருக்கிறேன். வெற்றிக் கோபுரம் சபையில் பேஸ் வாசிக்கிறேன். அதற்கு முன்னால் மத்தோங்கே பக்கம் பீர் கடைகளில் வாசித்தேன். கின்ஷாசாவில் பாதி வாத்தியக்காரர்கள் இப்படித்தான், சனிக்கிழமை குடிகாரனுக்கு வாசிப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை கர்த்தருக்கு வாசிப்பார்கள். உங்களுக்கே தெரியும்.

சபையில் முதலில் இருந்தது உருப்படாத கிட்டார். அதில் ஒரு கம்பி மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பி. பிறகு பெல்ஜியத்தில் இருக்கிற ஒரு விசுவாசி புதிதாக ஒன்று அனுப்பினார். ஐந்து கம்பி, கறுப்பு உடம்பு. புதுக் கம்பிக்கே உரிய கூச்சல் அதில் இருந்தது, தட்டு கழுவுகிற மாதிரி. வார நாட்களில் மத்தியானம், கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து, காலி மண்டபத்தில் உட்கார்ந்து அதைப் பழக்கினேன். ட்ரெபிள் என்கிற கீச்சுச் சத்தத்தைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். நடுச் சத்தத்தைக் கொஞ்சம் வெட்டினேன். ஸ்பீக்கர் பெட்டியைச் சுவரை விட்டுத் தள்ளி, மேடைப் பலகை மேல் வைத்தேன்.

டிரம்ஸ் வாசிக்கிற ஒனோரே கிண்டல் பண்ணுவான். "என்ன அண்ணே, புதுப் பொண்டாட்டி மாதிரி தடவிக்கிட்டே இருக்க? எப்பத்தான் வாசிப்ப?"

"நீ தகரத்தத் தட்டுறவன்டா. உனக்கு என்ன தெரியும்?" என்பேன்.

தீர்க்கதரிசி ஒதோன் மகியெசேவும் வந்து நிற்பார். சபையை நிறுவியவர் அவர்தான். வெள்ளை சூட், வாசனைத் தைலம். "ருஃபின் தம்பி, வயித்துல போய் இடிக்கணும்டா. பேயும் ஓடணும், பர்ஸும் தொறக்கணும்" என்று சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரிப்பார். நானும் சிரிப்பேன். அவருக்கு என்னை ரொம்பப் பிடிக்கும்.

நான் யார் என்று அவருக்குத் தெரியாது.

எனக்கு கெத்சியா என்று ஒரு மகள் இருந்தாள். நான் மத்தாடியில் ஒரு குழுவோடு வாசிக்கப் போயிருந்தபோது என் மனைவி காய்ச்சலில் செத்துப்போனாள். மழையில் ரோடு அறுந்துபோனதால் நான் வருவதற்கு நாளாகிவிட்டது. அதற்குள் என் மைத்துனி, பிள்ளையின் பார்வை சரியில்லை, ராத்திரியில் படுக்கையை நனைக்கிறாள் என்று சொல்லி அவளை இந்தச் சபைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். தீர்க்கதரிசி பிள்ளையின் தலையில் கை வைத்து, இவள்தான் சூனியக்காரி, தாயைத் தின்றது இவள்தான் என்று சொல்லியிருக்கிறார். விடுதலை உபவாசம் என்று மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற அறையில் பூட்டினார்கள். சோறு கிடையாது, தண்ணீரும் கிடையாது. அவளுக்கு ஏழு வயது. நான் வந்து சேர்ந்தபோது புதைத்து முடித்திருந்தார்கள். பிசாசு போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்று மைத்துனி சொன்னாள்.

அப்போது நான் போலீசுக்கு வந்தேன். இதே பெஞ்சில்தான் உட்கார வைத்தார்கள். சபை விவகாரம், நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஆகவே சபையில் சேர்ந்தேன். மைத்துனி அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை, அங்கே என்னை யாருக்கும் அடையாளம் தெரியாது. முழங்கால் போட்டேன், அழுதேன், சாட்சி சொன்னேன். எனக்கு அவரைக் கொல்ல வேண்டும் என்று இல்லை. கொன்றால் செத்துப்போவார், அவ்வளவுதான். அத்தனை சனத்துக்கு முன்னால், மைக்கைப் பிடித்துக்கொண்டு, தன் வாயால், எல்லாம் பொய், அந்தப் பிள்ளைகள் ஒரு பாவமும் அறியாதவர்கள் என்று அவர் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அது நியாயமான ஆசை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

வழி கிட்டாரிலிருந்து வந்தது. மேடை ஓரத்தில் ஜெபத் தண்ணீர் வைக்கிற பெரிய எனாமல் பேசின் ஒன்று இருக்கும். ஒரு நாள் தடித்த கம்பியில் ஒரு குறிப்பிட்ட சுரத்தைக் கட்டை விரலால் தட்டி நிறுத்திப் பிடித்தேன். பேசினில் தண்ணீர் முகம் சுருங்கி நடுங்கியது. அடுத்த சுரத்துக்கு அசையவில்லை. அதே சுரத்தையே விரல் நுனியால், கம்பி முடிகிற இடத்துக்குப் பக்கத்தில், பேஸ் குமிழை மூடிவிட்டு வாசித்தேன். அப்போதும் அசையவில்லை.

"அண்ணே, தண்ணிக்குக் குளுருது பாரு" என்று ஒனோரே சிரித்தான்.

வாசலில் தீர்க்கதரிசி நின்றுகொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே, மகன் தன் வியாபாரத்தைக் கெடுக்கிறான் என்று ஒரு தகப்பன் கொண்டு வந்து நிறுத்திய பையனைப் பேசின் பக்கத்தில் நிற்க வைத்து, "மெதுவா வாசி, ருஃபின். ஆவியானவர் தண்ணில இறங்கட்டும்" என்றார். அன்றிலிருந்து அதுதான் பரீட்சை. தண்ணீர் நடுங்கினால் சூனியம், நடுங்காவிட்டால் பிள்ளை வீட்டுக்குப் போகலாம். தண்ணீர் ஏன் நடுங்குகிறது என்று அவர் என்னிடம் கேட்டதே இல்லை, நானும் சொன்னதில்லை.

நிறையப் பிள்ளைகளை நான் வீட்டுக்கு அனுப்பினேன். அதையும் எழுதுங்கள். குமிழை மூடிவிட்டு வாசிப்பேன், தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும், தாய்மார்கள் கதறிக்கொண்டு பிள்ளையைக் கட்டிக்கொள்வார்கள். ஆனால் எப்போதுமே அசையாவிட்டால் யார் நம்புவார்கள்? நம்பிக்கை வர வேண்டுமே. அதனால் சில ஞாயிறுகளில் நடுங்க விட்டேன். எத்தனை என்று கேட்கிறீர்கள். கணக்கு வைக்கவில்லை. பெரும்பாலும் உபவாசம் முடிந்து உயிரோடு வெளியே வந்தார்கள். சிலரை வீட்டில் சேர்க்கவில்லை, மார்க்கெட்டில் மேசைகளுக்கு அடியில் படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருத்திக்கு சிக்வாங், அந்த இலையில் கட்டின மரவள்ளி மாவு, வாங்கிக் கொடுத்தேன். பெயர் கேட்கவில்லை.

தீர்க்கதரிசிக்கு ஒரே மகள், ப்ளாமெடி. ஒன்பது வயது, வாயாடி. ஒத்திகை நடக்கும்போது ஸ்பீக்கர் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "ருஃபின் மாமா, வயித்துல கிச்சுகிச்சு மூட்டுது, இன்னும் சத்தமா வையி" என்பாள். நல்ல பிள்ளை. அவள்மேல் எனக்குக் கோபம் எதுவும் இருந்ததில்லை.

ஆராதனையில் அப்பாவுக்குத் துண்டு கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை. பேசினைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் தாண்டும்போது மட்டும் குமிழைத் திறந்து, கட்டை விரலால் அந்தச் சுரத்தைத் தட்டினேன். அவள் போனதும் மூடினேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. டோனை எப்படிப் பிடிக்கிறோமோ அப்படித்தான் இதுவும், காது பழக வேண்டும், கண் பழக வேண்டும். முதலில் முன் வரிசையில் இரண்டு கிழவிகள் பார்த்தார்கள். பிறகு பாடகர் குழுவில் பேச்சு கிளம்பியது. கொஞ்ச நாளில், அவள் துண்டோடு எழுந்தாலே மண்டபம் முழுக்கப் பேசினைப் பார்க்க ஆரம்பித்தது. பிள்ளை தன் சட்டையில் ஏதோ கறை என்று நினைத்துக்கொண்டு குனிந்து பார்த்துக்கொள்வாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பசுங்கு அம்மாள் எழுந்து நின்றாள். பள்ளிக்கூட வாசலில் பொரித்த மாவு உருண்டை விற்கிறவள். அவள் மகனுக்குத் தண்ணீர் நடுங்கியிருந்தது, அவன் அதற்குப் பிறகு சரியாகப் பேசுவதில்லை.

"தீர்க்கதரிசி அப்பா, எம் புள்ளைக்கு ஒரு நியாயம், உங்க புள்ளைக்கு ஒரு நியாயமா? அவ பக்கத்துல வந்தா தண்ணி துள்ளுது. எங்களுக்குக் கண்ணு இல்லையா?"

"உக்காரும்மா, சாத்தான் உன் வாயில பேசுறான்."

"அப்போ நிக்க வையுங்க. சாத்தான் யார்கிட்ட இருக்கான்னு தண்ணி சொல்லட்டும்."

பின்னால் இருந்து, "நிக்க வை, நிக்க வை" என்று கத்தினார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கித் தரையில் இடித்தார்கள். தீர்க்கதரிசியின் மனைவி க்ளோதில்த் ஓடி வந்து பிள்ளையைத் தன் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள். இரண்டு பேர் அவளைப் பிடித்து விலக்கினார்கள். ப்ளாமெடியைப் பேசின் பக்கத்தில் நிறுத்தினார்கள். நான் வாசித்தேன். நான் பிடித்ததிலேயே நல்ல டோன் அன்றைக்குத்தான் வந்தது. சனம் நிறைந்த மண்டபத்தில் அடிச் சத்தம் அடங்கிப்போகும், அதற்கென்று குமிழை இன்னும் ஒரு சிட்டிகை ஏற்றி வைத்திருந்தேன். தண்ணீர் பேசின் விளிம்பில் ஏறித் தரையில் சொட்டியது.

தீர்க்கதரிசி துள்ளிக் குதித்து ஜெபிக்கிறவர் மாதிரி என் பக்கம் வந்தார். மைக்கைத் தொடையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு குனிந்து, "ருஃபின், சத்தத்தக் கொறைடா. கொறச்சு வைடா, கெஞ்சிக் கேக்குறேன்" என்றார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தண்ணீரை நடுங்க வைப்பது என் கம்பிதான் என்று இவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

"எங்கிட்ட சொல்லாதீங்க அப்பா. மைக்குல சொல்லுங்க" என்றேன்.

"பாவி, எம் புள்ளடா."

"கெத்சியாவும் ஒரு ஆளோட புள்ளதான்."

"எந்தக் கெத்சியா?" என்றார்.

நடிக்கவில்லை, ஐயா. அவர் நடித்தால் எனக்குத் தெரியும், எத்தனையோ ஞாயிறு பார்த்திருக்கிறேன். உண்மையிலேயே அவருக்கு ஞாபகம் இல்லை. ஒருவேளை ஞாபகம் இருந்திருந்தால் குமிழை மூடியிருப்பேனோ என்னவோ. வாசிப்பதை நிறுத்தவில்லை.

அவர் சனத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். இதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன், என் கண்ணே நனைந்துவிட்டது. அவர், "ஆபிரகாம் தன் பிள்ளையைத் தர மறுக்கலை, நானும் மறுக்க மாட்டேன், அல்லேலூயா" என்றார். சனம் எழுந்து நின்று கை தட்டியது. காணிக்கைக் கூடை இரண்டு சுற்றுப் போனது. பிள்ளையைப் பின் அறைக்குக் கொண்டுபோனார்கள். க்ளோதில்த் அம்மாவை அவள் அண்ணன்மார் வீட்டில் அடைத்து வைத்தார்கள்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. அந்த அறைக் கதவுக்கு வெளியே, சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டேன். எனக்குக் கணக்கு தெளிவாக இருந்தது. சனத்துக்கு முன்னால் சொல்ல வெட்கப்பட்டிருப்பார், ஒரு நாள் போனால் தகப்பன் மனசு கேட்காது, ஓடி வருவார், கதவைத் திறப்பார், அப்புறம் ஊருக்கே சொல்லியாக வேண்டும். திங்கட்கிழமை வந்தார். கதவுப் பக்கம் நின்றார். உள்ளே பிள்ளை, "அப்பா, நான் இனிமே செய்ய மாட்டேன்" என்றது. என்ன செய்ய மாட்டாள் என்று அதற்கே தெரியாது. அவர் காதைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். செவ்வாய்க்கிழமை வரவே இல்லை.

கண்காணிக்கப் போட்டிருந்த இரண்டு பேரும், நான் இருக்கிறேன் என்ற நம்பிக்கையில் சாப்பிடப் போய்விட்டார்கள். அப்போது அவள் என்னைக் கூப்பிட்டாள். என் செருப்புச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள். "ருஃபின் மாமா, நீங்கதானே? தண்ணி குடுங்க, மாமா" என்றாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும், தொழில் அப்படி. கதவுக்குக் கீழே விரலை நீட்டினாள். கொஞ்ச நேரம் அந்த விரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "அப்பா வந்து தொறப்பாரு, கண்ணு" என்று சொன்னேன். புதன்கிழமை அவள் கூப்பிடவில்லை.

இப்போது அவர் உங்களிடம், பிசாசும் இல்லை, ஒன்றும் இல்லை, எல்லாம் பேஸ் கிட்டார் செய்த வேலை என்று சொல்லி அழுகிறாராமே. இதைத்தானே நான் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருந்தால் பிள்ளை இன்றைக்குப் பள்ளிக்கூடம் போயிருக்கும். அதனால் குற்றவாளி யார் என்பதில் உங்களுக்குக் குழப்பம் வரக் கூடாது என்றுதான் நானே வந்தேன். பெற்ற தகப்பன் உயிரோடு இருக்கும்போது அடுத்தவன் எப்படிக் கதவைத் திறக்க முடியும், சொல்லுங்கள்? ஆராதனை முடிந்ததும் வாத்தியங்களை வைத்துப் பூட்டுகிற அறையும் அதுதான். இன்னொரு சாவி என் சட்டைப் பையில் இருந்தது. வேண்டுமானால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அவளைக் கொன்றது அவர்.