கிடார் நின்ற இடம்

கும்மிடிப்பூண்டி ரயிலில் என் எதிரே இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் தொழிலாளிகள் இரண்டு பேர், மெஷின் இரைச்சலில் பேசிய பழக்கதோஷத்தில் கத்திப் பேசிக்கொண்டு வந்தார்கள். தாடிக்காரர் தன் ஹெட்போனைக் கண்ணாடிக்காரருக்கு மாட்டினார்.

"பழைய ராக் ஆல்பம் மச்சான். ஒரு பாட்டே இருவது நிமிசம். கேட்டுக்கினே இரு, கிடாரு இடது காதுலேர்ந்து வலது காதுக்குப் போவும்."

"போவல. பாதியில நின்னுட்ச்சி."

"இன்னாடா சொல்ற? திருப்பி மாட்டு."

மாட்டினார்.

"இப்பவும் இடதுலதான் கேக்குது."

தாடிக்காரர் வாங்கித் தன் காதில் வைத்தார். "ரெண்டு பக்கமும் நல்லாத்தான கீது."

கண்ணாடிக்காரர் வலது காதருகே விரலைச் சொடுக்கினார். மறுபடியும் சொடுக்கினார்.

"மச்சான், பிரஸ்ஸு எனக்கு இந்தப் பக்கம்தான நிக்குது?"

அவருக்கு வலப்பக்கம் இருந்த தாடிக்காரர் முதல்முறையாக மெல்லப் பேசினார். "பேஜாராவாதடா."

எதிரே இருந்த எனக்கே கேட்டது. கண்ணாடிக்காரர் திரும்பவில்லை.