நஃபீசாவுக்கு வரவேண்டிய வீடு

தேக்குத் தூணுக்கு மழைக்காலம் தொடங்குமுன் எண்ணெய் தேய்த்துவிட வேண்டும், ஐயா. பிந்தினால் ஈரம் உள்ளே இறங்கிவிடும். எங்கள் வீட்டுத் தூண்களுக்கு வருஷம் தவறாமல் நான்தான் தேய்த்தேன். வாப்பாவின் பாட்டனார் ரங்கூனில் கடை வைத்திருந்த காலத்தில் கப்பலேற்றி அனுப்பிய மரம் அது. முத்துப்பேட்டையில் அப்படியொரு வீடு யாருக்கும் இல்லை.

எனக்கும் இல்லை. எங்கள் பக்கத்தில் வாப்பா வீடு பெண்பிள்ளைக்குத்தான். நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை அங்கே குடிவந்துவிடுவார். ஆண்பிள்ளைகள் மனைவி வீட்டுக்குப் போய்விட வேண்டும். நானும் போனேன். அங்கே ஒரு ஆணி அடிக்கக்கூட நாலு பேரைக் கேட்க வேண்டும். பிள்ளைகுட்டியும் இல்லை, ஒத்தும் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன். தங்கை நஃபீசா பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். "ஒங்க ரூமை அப்படியேதான் வச்சிருக்கேன், காக்கா" என்றாள். எங்களில் அண்ணனைக் காக்கா என்போம்.

வாப்பாவும் உம்மாவும் மௌத்தாகிவிட்டதால் அவளுக்குச் சம்பந்தம் பார்க்கும் பொறுப்பு என்னுடையது. முதலில் வந்தவர் இரும்புக்கடைக்காரர், நல்ல மனிதர். கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். "இந்த மரத்தையெல்லாம் வித்துட்டு மாடி எடுத்துரலாம். நல்ல வெலைக்குப் போகும்" என்றார். வழியனுப்பும்போது பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்து, நஃபீசாவுக்கு வலிப்பு உண்டு என்று சொன்னேன். "மறைச்சுக் கட்டிவைக்க மனசு ஒப்பல. யார்கிட்டயும் சொல்லிறாதீங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

அடுத்தடுத்து வந்தவர்களிடமும் அதையே சொன்னேன். அவர்களில் சிலர் வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனாலும் ஒருவரிடம் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லாமல் விடுவது முறையில்லை.

என் சட்டைப்பையில் இருந்த மருந்துச் சீட்டில் ஏன் என் பெயர் இருக்கிறது என்று கேட்டீர்கள். ஊர்ப் பெண்கள் சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து நஃபீசாவை நோட்டம் விட ஆரம்பித்திருந்தார்கள். அவளோ ஓடியாடி வேலை செய்துகொண்டிருந்தாள். அதனால் வலிப்பு எனக்கு என்று வெளியூர் டாக்டரிடம் சொல்லி மாத்திரை எழுதி வாங்கினேன். சத்து மாத்திரை என்று அவளுக்குக் கொடுத்தேன். மறுபேச்சுப் பேசாமல் விழுங்கினாள். பிறகு எந்நேரமும் தூக்கக் கலக்கம்தான். பேச்சு குழறியது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் தாமாகவே திரும்பிப் போனார்கள். அதற்குமேல் நான் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவளுக்குத் தலை நரைத்த பிறகு ஒரு பெருநாளில், எனக்குச் சோறு வைத்துக்கொண்டே அழுதாள். "யாருக்குமே என்னைப் புடிக்கல. நீங்களும் இல்லாட்டி என் கதி என்ன, காக்கா?" என்றாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை, ஐயா.

பிறகு அந்தப் புயல் வந்தது. தென்னையெல்லாம் சாய்ந்துவிட்டது. கரண்டு இல்லை, மருந்துக்கடையும் திறக்கவில்லை. மாத்திரை தீர்ந்துபோயிற்று. "சத்து மாத்திரதானே, பரவால்ல" என்று அவளே சொன்னாள். அதைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து, வலிப்பு வந்துவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். என்னிடம்தான் சொன்னார். எனக்குத்தான் வலிப்பு இல்லையே, அதனால் அதை மனதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அன்று பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுதுவிட்டு வீடு திரும்பினேன். கூடத்து மூலையில், அடுப்புக்காகக் காயவைத்துச் சேர்த்திருந்த தென்னை ஓலையின் மேல் நஃபீசா மண்ணெண்ணெய் விளக்கோடு விழுந்து கிடந்தாள். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. ஓலை பற்றிவிட்டது. இந்தப் பக்கம் அவள் முந்தானை, அந்தப் பக்கம் தூண். கைக்கு எட்டிய இடத்தில் ஒரு வாளித் தண்ணீர்தான் இருந்தது. தூணுக்கு ஊற்றினேன்.

அதுவும் நிற்கவில்லை. அத்தனை வருஷம் எண்ணெய் குடித்த மரம் எப்படி அணையும்? விடிந்தபோது வீடு இருந்த இடத்தில் சாம்பல்தான் இருந்தது.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள், ஐயா. மாப்பிள்ளை வீட்டாரிடம் நான் பொய் சொன்னதாக நாளைக்கு யாரும் பேசக் கூடாது. அவளுக்கு வலிப்பு இருந்தது. நானே கண்ணால் பார்த்தேன்.