அறாத நரம்பு

சங்கரன்கோவிலிலிருந்து கரிவலம் போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இரண்டு பேர். "அறுந்து போற நரம்பா வாங்கியிருக்கலாம்லா மக்கா" என்றான் ஜன்னல் ஓரத்தான். அதைக் கேட்டுத்தான் திரும்பினேன்.

மற்றவன் மடியில் ரீல் தூண்டில் இருந்தது. "நைலான் நரம்பு ரெண்டு தடவ அறுந்துட்டுலே. இது பின்னல் நரம்பு. ஆளையே இழுத்தாலும் அறாது."

"விரால் இழுத்திருக்கும்."

"விரால் வெட்டி வெட்டி இழுக்கும். இது கையப் பிடிச்சுக் கூப்பிடுத மாதிரி மெதுவா இழுக்கு. அறுந்த நரம்பு மறுநா நான் நிக்கிற பாறையில இருக்கு. சிக்கில்லாம சுத்தி வச்சிருக்கு."

"ஏலே, அந்தக் குவாரித் தண்ணிக்குப் போகாத."

"யாருன்னு பாக்காண்டாமா?"

"சரி, நரம்பக் கொண்டா, பாப்போம்."

கொடுத்துவிட்டு அவன் கண்டக்டரிடம் திரும்பி டிக்கெட் வாங்கினான். அதற்குள் ஜன்னல் ஓரத்தான் சாவிக்கொத்திலிருந்த நகவெட்டியால் நரம்பைப் பல இடத்தில் பாதி பாதியாக நறுக்கிவிட்டான்.

"நல்ல நரம்புதாம்ல" என்று திருப்பிக் கொடுத்தான். அவன் சந்தோஷமாகக் குவாரி விலக்கில் இறங்கிப் போனான்.

நான் பார்த்ததை இவன் கண்டுகொண்டான். "சொன்னா நம்ப மாட்டான் ஆச்சி. எங்க அண்ணன அந்தத் தண்ணியில இருந்து தூக்கும்போது, கையில சுத்தியிருந்தது இதே மாதிரி பின்னல் நரம்புதான்" என்றான். "அப்பவும் அது தண்ணிக்குள்ள இறுக்கமா இருந்துச்சு. கீழ யாரோ பிடிச்சிருந்தாவ."