டெல்மர் வர்றதுக்குள்ள ஒரு குத்தம் சொல்லுங்க

அந்தப் பக்கம் பாத்தது போதும் தம்பி, இப்படி வாங்க. இந்த வெல்டிங்க கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. ஒரு விரிசல், ஒரு ஓட்டை, ஏதாச்சும்? டார்ச் அடிச்சுப் பாத்தீங்களா? ம். சரி, இல்லைன்னா இல்லதான்.

ஐயோ, பெருமைக்குக் காட்டலீங்க. வண்டியச் சோதிச்சு நம்பர் குடுக்க ஷெரிஃப் ஆபீஸ்லேர்ந்து நாப்பது மைல் வந்திருக்கீங்க, ஒரு குத்தமும் சொல்லாமப் போனா எப்படி? கம்பெனில செஞ்ச டிரெய்லர்னா கண்ண மூடிக்கிட்டு நம்பர் குடுத்துடலாம். இது நானும் என் சிநேகிதன் டெல்மரும் இந்தக் கொட்டகைல வச்சுக் கட்டினது. இதுமேல ஆறு டன் மெஷின ஏத்தி நெடுஞ்சாலைல இழுத்துட்டுப் போகணும். பின்னாடி யாராச்சும் புள்ளகுட்டியோட வருவாங்க. நீங்க கறாரா இருக்கணும் தம்பி. உங்க வயசுல இவ்வளவு நல்ல மனசு ஆகாது.

டெல்மரா? டவுனுக்குப் போயிருக்கான். நம்பர் தகட்ட மாட்ட போல்ட் வாங்கிட்டு வரானாம். நம்பரே இன்னும் வரல, அதுக்குள்ள போல்ட். உங்களுக்கு போன் பண்ணி வரச்சொன்னதும் அவன்தான், நான் இல்ல. அவன் வீடு இங்கேர்ந்து ஒரு மைல்தான், அந்த வெள்ளக் குதிர் தெரியுதுல்ல, அதுக்குப் பக்கத்துல. இருபது நிமிஷத்துல வந்து நிப்பான். அதுக்குள்ள நீங்க ஒண்ணு கண்டுபிடிச்சாத் தேவலை.

எத்தனை நாள் ஆச்சா? ரெண்டு வருஷம். சிரிக்காதீங்க. ஆமா, மூணு வாரத்து வேலைதான், எனக்குத் தெரியாதா.

இதுக்கு முன்னாடி சொந்தமா எங்க வச்சிருந்தேன்? முப்பது வருஷமா டெல்மரோட டிரெய்லர்தான் இரவல். இதக் கட்ட மிச்ச இரும்பு ஏத்திட்டு வந்ததே அவன் டிரெய்லர்லதான். அதுக்கே ஒரு மணி நேரம் திட்டினான். இரவல் மாட்டுல போயி சொந்த மாடு வாங்குற ஆளு இந்த வட்டாரத்துலயே நீ ஒருத்தன்தாண்டா வெண்டல்னான்.

அவன் அப்படித்தான் தம்பி. அடுத்தவன் வேலைல குத்தம் கண்டுபிடிக்கலைன்னா அவனுக்குச் சோறு எறங்காது. சர்ச்சுல பிரசங்கம் நடக்குது, இவன் மேல பாத்துக்கிட்டு அந்த உத்தரம் அரை அங்குலம் கோணல்னு என் காதுல சொல்லுவான். வெறும் வயரு துளி வெளிய தெரியக்கூடாது அவனுக்கு. உடனே மஞ்ச டேப்பு. பாருங்களேன், வண்டி முழுக்க மஞ்ச டேப்பு. சரியா மூணு சுத்து. ரெண்டு சுத்துனா சோம்பேறியாம், நாலு சுத்துனா ஊதாரியாம்.

ஆங், அடிச்சட்டத்துல இது என்னவா? இது ஆக்ஸில் மொதல்ல இருந்த எடம், வெட்டி எடுத்த தழும்பு. நட்ட நடுவுல வச்சு வெல்ட் பண்ணிட்டேன். அடிச்சீங்க பாருங்க, நீங்களே சொல்றீங்க, கொஞ்சம் பின்னால தள்ளி வச்சாத்தானே பாரம் முன்னால இழுக்கிற வண்டியோட கொக்கில உக்காரும். டெல்மர் வந்தான். பின்னால ஏறி நின்னான். முன்பக்கம் ஆளுயரத்துக்கு எழும்பிடுச்சு. மேல நின்னுக்கிட்டே, நீ செஞ்சது டிரெய்லர் இல்லடா, ஸ்கூலுக்குக் குடு, பசங்க ஏறி ஆடட்டும்னான். அப்புறம் வெட்டி, நகத்தி, திரும்ப வைக்க எங்களுக்கு ஒரு மாசம்.

அடுத்து பின்னாடி சாய்தளத்தோட கீல். தலைகீழா வச்சிட்டேன். கீழ எறங்கவே எறங்காது. அடுத்து விளக்கு. இடது பக்கம் சிக்னல் போட்டா வலது பக்கம் மினுக்குது. வெண்டல், உன் பின்னாடி வர்றவனுக்கு இப்பவே ஒரு ஜெபம் சொல்லிடலாம்டான்னான்.

ரிட்டயர் ஆகுறதுக்கு முன்னாடி நான் என்ன வேலையா? அது எதுக்கு இப்போ. இல்ல, சொல்றேன், மறைக்க என்ன இருக்கு. தானியக் குதிர் செய்யுற கம்பெனில இருந்தேன். முப்பத்தோரு வருஷம். வெல்டிங்தான். கடைசிப் பன்னெண்டு வருஷம் போர்மேன்.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. ஆனைக்கும் அடி சறுக்கும்.

சரி. உங்ககிட்ட பொய் சொல்லி என்ன ஆகப்போகுது. காப்பி ஊத்தட்டுமா? வேணாமா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, சோளம் அறுக்கிற சமயம், டெல்மரோட பொண்டாட்டி லாயிஸ் தவறிப்போயிட்டா. திங்கக்கெழம ஆஸ்பத்திரி, வெள்ளிக்கெழம அடக்கம். அவ்வளவுதான். நாப்பத்தாறு வருஷம் கூட இருந்தவ. இவன் கதவச் சாத்திட்டான். திரைய எறக்கிட்டான். ஊரே சாப்பாடு கொண்டுபோய் வச்சுது. எங்க ஊர்ல தட்டுக்கு அடியில பேரு எழுதித்தானே குடுப்பாங்க, கழுவித் திருப்பித் தரணும்னு? அத்தனை தட்டும் வாசல்லயே அடுக்கி இருந்துச்சு, உள்ள சாப்பாட்டோட. என் வீட்டுக்காரி ஆர்லீன் போயிப் பாத்துட்டு வந்து அழுதா. இந்த மனுசன் பனிக்காலத்தத் தாண்ட மாட்டான்னா. எனக்கும் அதே பயந்தான்.

ஆறுதல் சொன்னா கேக்குற ஆளா அவன்? நான் யோசிச்சேன். நேரா அவன் கதவுக்கு முன்னாடி போயி நின்னேன். டேய் டெல்மர், டிரெய்லர் கட்டுறேன், ஆக்ஸில நட்ட நடுவுல வைக்கப்போறேன், நீ பாத்துக்கோன்னு கத்தினேன். கதவு தெறக்கல. வந்து நெஜமாவே வச்சு வெல்ட் பண்ணினேன், கை கூசிச்சு தம்பி. தலைக்கவசத்தக் கழட்டுறேன், வாசல்ல அவன் வண்டி. கால்ல வீட்டுச் செருப்பு. மூணு வாரத் தாடி. மூஞ்சி செவந்துபோயி நிக்கிறான். அன்னைக்கு ஆர்லீன் அடுப்புல சுட்ட ஆப்பிள் பைல பாதிய தின்னுட்டுப் போனான்.

அப்புறம் என்ன, ஒண்ணத் திருத்தி முடிச்சா அடுத்த தப்பு. கீல் யோசனை ஆர்லீனோடது, நான் உண்மையச் சொல்லிடணும். ஆனா ஒரு டிரெய்லர்ல எத்தனை தப்புதான் பண்ண முடியும்? ஒவ்வொண்ணையும் திருத்தித் திருத்தி, நாட்டுலயே இதுமாதிரி ஒழுங்கான வண்டி இருக்காது இப்போ. நேத்து அவனே, இனிமே இதுல சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைன்னான். நீங்க நம்பர் குடுத்துட்டா வேல முடிஞ்சுது. இன்னும் மூணு வாரத்துல பனி விழும். அவன் எதுக்கு இங்க வருவான்?

அதான் கேக்குறேன். ஏதாச்சும் ஒண்ணு எழுதி, ரெண்டு வாரம் கழிச்சு வரேன்னு சொல்லுங்க. அந்த எடது விளக்கப் பாருங்க. எரியாது. காலைல நானே பல்பத் திருகித் தளர்த்தி விட்டேன். ஏன், பத்தாதா? ஒரு நிமிஷ வேலைன்னு தெரியும், ஆனா சட்டம் சட்டந்தானே?

என்னது? எங்க? முன்னாலயா?

இல்லீங்களே. அத நான் தொடல. வண்டி கொக்கிய விட்டுப் பிச்சுக்கிட்டா தானா பிரேக் புடிக்கும், அதுக்கான பேட்டரி அது. டெல்மர்தான் மாட்டினான், பத்து தடவ சோதிச்சான். வயரு கழண்டிருக்கா? அது எப்படித் தானாக் கழலும், போல்ட் போட்டு முறுக்கினது.

கொஞ்சம் தள்ளுங்க, கண்ணாடியப் போட்டுக்கறேன்.

கழட்டின முனைல டேப்பு சுத்தியிருக்கு. மஞ்ச டேப்பு.

நேத்து சாயங்காலம் வந்தான். ஆர்லீன் பாத்திருக்கா. தனியா கொட்டகைக்குள்ள பத்து நிமிஷம் இருந்துட்டு, ஸ்பேனர மறந்து வச்சுட்டேன்னு சொல்லிட்டுப் போனானாம்.

எத்தனை சுத்துன்னு எண்ணுங்க தம்பி, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. மூணா. ம். மூணாத்தான் இருக்கும்.

அதோ புழுதி கெளம்புது, அவன் வண்டிதான். எழுதிட்டீங்களா? நல்லது, ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, ஆர்லீன ஆப்பிள் பை சுட்டு வைக்கச் சொல்றேன். வயரு எப்படிக் கழண்டுச்சுன்னு கேட்டான்னா, நான்தான் மாட்ட மறந்துட்டேன்னு சொல்லிடுங்க. திட்டட்டும்.