மீன் விற்காத சைலன்சர்

"பைப்பு பெருசானா பவரு வரும்னா, நம்ம தெரு சாக்கடை பைப்பு இந்நேரம் ராக்கெட் வுட்டிருக்கணும்யா."

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த மீன்காரப் பெண்மணி சொன்னது இது. பக்கத்தில் அவர் கணவர், பைக்கிலிருந்து கழற்றிய தடித்த சைலன்சரை மடியில் வைத்திருந்தார்.

"இன்ஜின் நல்லா மூச்சு வுடும்னு மெக்கானிக்குதான் சொன்னான்மே."

"வுட்டுச்சு, வுட்டுச்சு. மீன் பெட்டியோட பாலம் ஏற முடியாம நின்னுச்சே, அது பெருமூச்சா? நம்ம ஏரி முகத்துவாரம் குறுகலா இருந்தா தண்ணி எவ்ளோ வேகமா இழுக்கும்? அதையே அகலமா வெட்டிட்டா?"

"மெதுவாத்தான் போவும்."

"பொறந்ததுலேர்ந்து ஏரியில கெடக்குற, இது தெரியல. நூறு சிசி வண்டிக்கு எதுக்குய்யா அம்மாம் பெரிய வாயி?"

"சத்தம் ஜாஸ்தினு போலீசும் மடக்கிட்டாரு. அதான் கயட்டிட்டேனே."

"அவரு கெடக்கட்டும். தெருத்தெருவா நீ மீனு மீனுனு கத்துனது ஒரு பொம்பளைக்காச்சும் கேட்டுச்சா? மூணு நாளா வித்தத வுட கருவாடு போட்டதுதான் ஜாஸ்தி. இத்த அந்த மெக்கானிக்கு கிட்ட குடுத்துட்டு, பழைய பைப்ப வாங்காம வூட்டுக்கு வராத."

அவர் தலையாட்டினார். பின்னாலிருந்து நானும் பெரிய அறிவாளிபோலத் தலையாட்டிவிட்டு, காலடியிலிருந்த என் பையை மெல்ல சீட்டுக்கு அடியில் தள்ளினேன். பொன்னேரியில் நிற்கும் என் பைக்கில் மாட்டுவதற்காக நான் கொண்டுபோன சைலன்சர், அவருடையதைவிட அரை இஞ்ச் பெரியது.