வாசலில் வைத்த வெல்லம்

"மேடம், நீங்க குடுத்த கதைப் புத்தகத்தால எங்க லைன் ஊட்டுக்குக் கரடி வருதுங்க."

மஞ்சூர் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த, தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் குடியிருக்கும் பெண் சொன்னார். அவர் பக்கத்தில் இருந்தவர் குழந்தைகள் நூலகத்தின் நூலகர்.

"புத்தகத்தாலயா? எப்பிடிங்க?"

"கதைல வர்றத லீவுல செஞ்சு பாருங்கன்னு சொன்னீங்களாமா. அந்தக் கதைல மாதிரியே எங்க பாப்பா கரடிக்குன்னு வாசல்ல வெல்லம் வெச்சுட்டா."

"நடிச்சுப் பாக்கத்தானுங்க சொன்னேன்!"

"நாலு நாளா விடிஞ்சதும் வாசல்ல வந்து நிக்குது. வேலைக்குப் போக முடியலைங்க. கதைல அந்தக் கரடி எப்பிடிங்க திரும்பிப் போச்சு?"

நூலகர் குரலைத் தாழ்த்தினார். "போகாதுங்க... அந்த ஊட்லயே தங்கிரும்."

"பாப்பாவும் அதத்தானுங்க சொல்றா."

பாப்பாவுக்குக் கொடுக்கப் பையிலிருந்து பாதி எடுத்திருந்த யானைக் கதைப் புத்தகத்தை நூலகர் மெதுவாக உள்ளே தள்ளினார்.