மஞ்சள் விளக்கின் மேல் ஒட்டிய சிரிப்பு

நான் இப்போது சொல்லப்போவது அத்தனையும் உண்மை. கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் என் அம்மா முறைத்தாலும் மறைக்க மாட்டேன் என்று இந்த அவையில் உறுதி கூறித் தொடங்குகிறேன்.

கண்டிப்பிலும் கனிவு குறையாத அவைத்தலைவர், எங்கள் தலைமையாசிரியை அவர்களே! எங்கள் பிழைகளைத் திருத்தித் திருத்தியே பேனா தேய்ந்துபோன ஆசிரியப் பெருமக்களே! வேலையை விட்டு வந்திருக்கும் தந்தையரே! வந்த இடத்திலும் வீட்டு வேலையை மனத்துக்குள் செய்துகொண்டிருக்கும் தாய்மார்களே! கைதட்டுவதற்கென்றே கடைசி வரிசையைப் பிடித்திருக்கும் தோழர்களே, தோழியரே! அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய தோழி விண்மீன்களை அளந்தாள். நான் புகையை அளக்க வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள்! அந்தப் புகைக்குள் என் அத்தையின் வேலை சிக்கிக்கொண்டிருந்தது.

என் அம்மா கார் ஓட்டக் கற்றுத்தருபவர். பயிற்சிக்கென்றே ஒரு வெள்ளைக் கார் வைத்திருக்கிறார். அதில் அம்மாவின் பக்கம் தனியாக ஒரு பிரேக், தனியாக ஒரு கிளட்ச், தனியாக ஒரு கோபம்! அப்பாவின் தங்கையான என் அத்தை அந்தக் காரில்தான் கற்றார். உரிமம் வாங்கி வந்தால் வேன் ஓட்டும் வேலை உங்களுக்குத்தான் என்று ஒரு ரொட்டி நிறுவனம் அவரிடம் சொல்லியிருந்தது. ஆனால் தேர்வுக்குப் போன இரண்டு முறையும் அத்தை தோற்றார். ஏன்? வளைவில் தவறினாரா? இல்லை. பின்னால் எடுக்கும்போது தடுமாறினாரா? இல்லை. ஓடும்வரை ஒழுங்காக ஓடிய கார், சிவப்பு விளக்கில் நின்றதும் நடுங்கும், முனகும், மூச்சை விட்டுவிடும்!

"கிளட்ச்ச பொசுக்குன்னு விட்டுட்ட" என்பார் அம்மா.

"விடல அண்ணி. நீங்க சொன்ன மாதிரியே நியூட்ரல்ல போட்டேன், ஆக்ஸிலேட்டர்லருந்து காலை எடுத்தேன். அவ்வளவுதான்."

"அப்போ வண்டி பொய் சொல்லுதா?"

"நான் பொய் சொல்றேனா?"

நாத்தனாரும் அண்ணியும் முன்னால், நான் பின்னால். தாய்மார்களே, காருக்குள் எவ்வளவு வெப்பம் இருந்திருக்கும் என்பது நீங்கள் சிரிப்பதிலேயே தெரிகிறது.

மூன்றாவது தேர்வு நெருங்கியது. இந்த முறையும் உரிமம் இல்லையென்றால் வேன் வேறொருவருக்கு என்று நிறுவனத்தில் சொல்லிவிட்டார்கள். எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று, கார் பழுதுபார்க்கும் என் மாமாவின் பட்டறைக்கு, அத்தையையும் என்னையும் ஏற்றிக்கொண்டு அம்மாவே காரை ஓட்டிப்போனார். வழியெல்லாம் சிவப்பு விளக்குகள். கார் ஒருமுறைகூட அணையவில்லை!

மாமா பானெட்டைத் திறந்து காது கொடுத்துக் கேட்டார். "அக்கா, உன் கையில நல்லாத்தானே ஓடுது? வண்டின்னா சரி பண்ணிடலாம். ஓட்டுறவங்கள சரி பண்ற ஸ்பேனர் என்கிட்ட இல்ல."

அத்தையின் முகம் சுருங்கியது. ஒரு கணம்தான். ஓட்டுநர் பக்கக் கதவை அகலத் திறந்தார்.

"அண்ணி, எஞ்சின் ஓடட்டும். ரெண்டு காலையும் எடுத்து வெளிய போடுங்க."

"எதுக்கு, பாத பூஜை பண்ணப்போறியா?"

"போடுங்க அண்ணி, சொல்றேன்."

அம்மா இரு கால்களையும் கதவுக்கு வெளியே தொங்கவிட்டார். கார் நடுங்கியது. முனகியது. அணைந்தது!

அவையோரே, நடந்தது என்ன தெரியுமா? நிற்கும்போதெல்லாம் அம்மாவின் வலது கால் ஆக்ஸிலேட்டரை இறகுபோல் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. கார் நோயுற்ற நாளிலிருந்து அந்தக் கால் தானாகவே வைத்தியம் பார்த்திருக்கிறது. அம்மாவுக்கே அது தெரியாது! பழகிய கால் பழுதை மறைத்தது. சொன்னபடி கேட்ட காலோ பழியைச் சுமந்தது!

"மன்னிச்சுக்கங்க. ஸ்பேனர் இருக்கு" என்றார் மாமா அத்தையிடம். பிறகு டேஷ்போர்டைக் காட்டினார். "அக்கா, இதென்ன சிரிச்ச மூஞ்சி ஸ்டிக்கர்?"

"அதுக்கடியில ஒரு மஞ்ச லைட்டு எரியுதுடா. கத்துக்க வர்றவங்க பாத்து பயப்படுறாங்க. அதான் ஒட்டிவெச்சேன்."

"எஞ்சின் அழுதுட்டு இருக்கு, நீ அது மேல சிரிப்ப ஒட்டியிருக்க!"

அம்மா, முகத்தை மூடாதீர்கள். முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மாமா ஸ்கேனரைப் பொருத்தினார். இ.ஜி.ஆர். வால்வில் கோளாறு என்றது அது. அது என்ன வால்வு? என்ஜின் தான் விட்ட புகையில் கொஞ்சத்தைத் தானே திரும்ப இழுத்துக்கொள்கிறது. எரியும் சூடு தணிய, அந்தச் சூட்டில் பிறக்கும் நச்சுவாயு குறைய. அந்தப் புகை வரும் சிறு கதவுதான் அது. கார் ஓடும்போது அது அளவாகத் திறக்க வேண்டும். நிற்கும்போது மூட வேண்டும். கார் நிற்கும்போது என்ஜின் விடுவதே சிறு மூச்சு. அந்தச் சிறு மூச்சிலும் புகை புகுந்தால் திணறாதா?

"அப்போ புது வால்வு போட்டுடு" என்றார் அம்மா.

"பொறுக்கா. ஸ்கேனர் தெருவைத்தான் காட்டும். வீட்டை நாமதான் தேடணும்."

ஒயரைச் சோதித்தார்; குறையில்லை. வால்வைத் தளர்த்தி, புகை வரும் வழியில் ஒரு தகட்டைச் செருகினார். அம்மா மறுபடியும் கால்களைத் தொங்கவிட்டார். கார் அணையவில்லை! நடுங்கக்கூட இல்லை.

"தகட்டோடயே ஓட்டிடலாமா?" என்று ஆவலாய்க் கேட்டார் அத்தை.

"உங்களுக்கு நல்லாத்தான் இருக்கும். ஊரு மூச்சுதான் கெடும். இது சும்மா டெஸ்ட்டுக்குங்க."

வால்வைக் கழற்றினார். உள்ளே, கதவு மூட முடியாதபடி, மிளகளவு கரிக்கட்டி! அவ்வளவுதான் அவையோரே! ஒரு மிளகளவு கரிக்காக ஒருவரை எத்தனை முறை திட்டினோம்? ஒரு மிளகளவு கரிக்காக ஒருவர் எத்தனை இரவு அழுதார்? எச்சரிக்கை எரிந்தபோது ஏன் எரிகிறது என்று கேட்டோமா? எரிச்சலை மட்டும்தானே பக்கத்தில் இருந்தவர்மேல் கொட்டினோம்!

கரியைச் சுரண்டி, வால்வைக் கழுவி, கசிவைத் தடுக்கப் புது கேஸ்கட் வைத்துப் பூட்டினார் மாமா. ஸ்கேனரில் பழைய குறிப்பையும் அழித்தார்.

தேர்வு நாள். வேலிக்கு வெளியே அம்மாவும் நானும். உள்ளே கார் ஓடியது, வளைந்தது, நின்றது. அதிகாரி ஏதோ கேட்டார்; அத்தை ஏதோ சொன்னார்; அதிகாரி சிரித்தார். அது என்னவென்று அத்தை பிறகு சொன்னார்.

"என்னம்மா, வண்டி ஆஃப் ஆயிடுச்சா?"

"இல்ல சார். சத்தம் போடாம ஓடுது."

தேர்ச்சி! கைதட்டல் போதும் மாமா, மற்றவர்களுக்கும் கொஞ்சம் விடுங்கள்.

காரிடம் ஓடிப்போய் அம்மா ஸ்டிக்கரை உரித்தார். அடியில் மஞ்சள் விளக்கு எரியவில்லை. அந்தச் சிரிப்பை அத்தையின் புறங்கையில் ஒட்டினார். "இனிமே உன்னைத் திட்டமாட்டேன்."

"அப்போ பேச்சே நின்னுடுமே அண்ணி!" என்றபடி அத்தை சாவியைத் திருப்பினார். கார் அணைந்தது. அன்று அதை அணைத்தது அத்தையின் கை.

அந்த அத்தை இப்போது கடைசி வரிசையில் நிற்கிறார். ரொட்டி வேன் வாசலில் நிற்கிறது. இவ்வளவு நேரம் எனக்குக் காது கொடுத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி, வணக்கம். இன்னும் ஒரே ஒரு வார்த்தை சொல்லலாம் என்றிருந்தேன். ஆனால் மேடை விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.